பச்சை நிறத்தில் ஒரு கோடிப் புடவை

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பசிக்கக் கூடாது என்று நம்மிடையே ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. எனக்கு ரயிலில் நன்றாகப் பசித்தது. எதிர் இருக்கையில் இருந்த மராத்திக்கார அம்மாள் டப்பாவைத் திறந்து வெந்தயக்கீரை போட்ட சப்பாத்தியை நீட்டினாள். ஒப்புக்கு ஒருதரம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மூன்று சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய்த் தொக்கும் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தினால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

"மகள் வீட்டுக்கா?" என்று இந்தியில் கேட்டாள். தங்கை வீட்டுக்கு என்றேன். "ஏதாவது விசேஷமா?" என்றாள். எனக்குத் தெரிந்த இந்தியில் சாவைச் சொல்ல ஒரே வார்த்தைதான் உண்டு. அது சினிமாவில் வில்லனைச் சுட்டு வீழ்த்தியதும் சொல்கிற வார்த்தை. என் தங்கை கணவருக்கு அதைப் போட மனம் வரவில்லை. ஆமாம், விசேஷம்தான் என்று தலையாட்டினேன். அவள் சந்தோஷப்பட்டு இன்னொரு சப்பாத்தியை வைத்தாள்.

தங்கை பெயர் மலர்விழி. நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கல்யாணமாகிப் புனேவில் தாபோடிக்குப் போனவள். கணவர் குமரேசன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா சேலத்துப் பக்கமிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். மகன்களும் அதே ஃபேக்டரிக்குள் போனார்கள். குமரேசன் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் கிளம்புவதற்குள் எரித்துவிட்டார்கள். மலர் போனில் அழவில்லை. "அக்கா, கருமாதிக்கு முன்னாடி வந்துரு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்கள் அப்பா ஒரு மாதிரியான மனுஷர். மலரின் கல்யாணப் பேச்சில் சாவைப் பேசியவர். வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்கும்போதே மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. நாளைக்கு எது நடந்தாலும் எம்பட புள்ள நெத்தியில யாரும் கை வெக்கக் கூடாது. கழுத்துலயும்தான்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். குமரேசன் மட்டும் எழாமல், "சரிங்க மாமா" என்றார். பிற்பாடு அப்பா போனபோது அம்மாவின் பொட்டையும் தாலியையும் யாரும் தொடவில்லை. நானும் மலரும் இரண்டு பக்கமும் காவலுக்கு நின்றோம். ஒரே ஒரு தடவைதான் நடந்தது என்றாலும் எங்கள் வீட்டுக்கு அது வழக்கம். இப்போது அம்மாவும் இல்லை.

புனேவில் இறங்கியபோது தை மாதக் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கியது. ஆட்டோக்காரர் மீட்டர் போட்டார். எங்கள் ஊரில் ஆட்டோ மீட்டர் என்பது பிள்ளையாருக்குப் பூ மாட்டுகிற இடம், அதனால் இவரை உடனே நல்லவர் என்று தீர்மானித்துவிட்டேன். நல்லவருடைய வண்டி ஆற்றுப் பாலத்தின் மேல் கேஸ் தீர்ந்து நின்றது. கேஸ் போட பங்க்கில் நிற்கும் வரிசையைப் பற்றி அவர் நீளமாக ஏதோ திட்டினார். என்னையில்லை, அரசாங்கத்தை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கீழே ஆறு இருப்பதாகப் பாலத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஆகாயத்தாமரை கரையோடு கரையாக மூடியிருந்தது. நாற்றம் மேலே வரைக்கும் வந்தது. பவானியில் குளித்து வளர்ந்த எனக்கு அது பெரிய அடியாக இருந்தது. குமரேசனின் சாம்பலை இதில்தான் கரைத்திருப்பார்களோ என்று நினைத்தேன். ஆளந்தி என்கிற கோயில் ஊருக்குக் கொண்டுபோய் வேறு ஆற்றில் கரைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பாலம் முடியும் வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பைக்கில் வந்தவர்களின் ஹாரனை எல்லாம் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். துக்க வீட்டில் வருகிறவரை வா என்று அழைப்பதில்லை. போகிறவரும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் இதே காரணத்துக்கு மறுபடியும் வர நேரும் என்று பயம். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். ஆனாலும் இரண்டு ராத்திரிப் பயணத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் நுழையும்போது வா என்று ஒரு சொல் கேட்காமல் நுழைவது கஷ்டமாக இருந்தது.

மலர் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. கட்டிக்கொண்டு அழுதோம். அழுகைக்கு நடுவில் அவள் என் காதில், "வழியில ஏதாச்சும் சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

மறுநாள் முழுக்கச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. கருமாதி வரை அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. மாடி வீட்டு மராத்திக்காரர்கள் சோள ரொட்டியும், கடலைமாவைக் கரைத்துக் கெட்டியாகக் கிளறிய பிட்லாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வழக்கத்திலும் சாவு வீட்டுக்கு இதைத்தான் கொடுப்பார்களாம். பூண்டு தாளித்து, உறைப்பாக, தொண்டையில் அடைக்காமல் இறங்கியது. எங்கள் ஊரில் இழவு வீட்டுக்கு ரசஞ்சாதம் வரும். துக்கத்தில் இருப்பவரால் என்னதான் விழுங்க முடியும் என்று எல்லா ஊரிலும் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் பேச்சை எடுத்தார். தனபால் என்று பெயர், குமரேசனின் அண்ணன். அந்தத் தெருத் தமிழர்களுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர்தான். "டீச்சரம்மா, கருமாதிய சண்டே வெச்சிருக்கோம். லீவு நாளு பாருங்க, எல்லாருக்கும் தோது. ஊர்ல விடியறதுக்கு முன்ன பண்றது, இங்க சாயங்காலம். ஐயருக்கு அப்பதான் டைம். கோடி நீங்கதான் எடுக்கோணும். அண்ணன் தம்பி இல்லைல்ல. கேம்ப்பு பஜார்ல வெள்ளை நல்லா கிடைக்கும்."

கோடி என்பது கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து எடுத்துப் போடுகிற புதுப் புடவை. தாலியை எடுத்த பிறகு அதைப் போர்த்துவார்கள்.

"கோடி எடுக்கறனுங்க மாமா. ஆனா தாலி எடுக்கறது, பொட்டு அழிக்கறது எதுவும் வேண்டாமுங்க. குமரேசனே எங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்தது உங்களுக்கும் தெரியும்" என்றேன்.

"அது அப்ப பேசுன பேச்சு."

"எப்பப் பேசுனாலும் வாக்குதானுங்களே?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். மலரின் மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. "என் மவன் போயிட்டான். அவனுக்குச் செய்யறத செய்ய வேண்டாமா?" என்றார். "எனக்குக் கைக்கொழந்தைய வெச்சிருக்கறப்ப நடந்துச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

உள்ளே கோபம் கொதித்தது. ஷிஃப்ட்டுக்காக நாளை மாற்றலாம். ஐயருக்காக நேரத்தை மாற்றலாம். வாழையிலைக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு போடலாம். ஒருத்தியின் நெற்றியில் இருப்பதை அழிப்பது மட்டும் மாறக் கூடாது. கோபியிலேயே இப்போது பல வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள். கணவனில்லாத டீச்சர்கள் பொட்டோடுதான் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். இவர்களோ ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் ஊர் எப்படி இருந்ததோ, அதை அப்படியே டிரங்குப் பெட்டியில் பூட்டி எடுத்துவந்துவிட்டார்கள். மலரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மலரின் மகள் யாழினியைக் கூட்டிக்கொண்டு கேம்ப்புக்குப் போனேன். காலேஜ் படிக்கிற பெண். தமிழ் பேசும்போது பாதி வழியில் வார்த்தை தீர்ந்துபோய் இந்திக்குள் போய்விடுவாள். நெரிசலான கடைத்தெரு. பழைய சர்ச், பேக்கரி, பிஸ்கட் வேகிற வாசனை, நடைபாதை முழுக்கச் செருப்பும் பையும். நாலாவது கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் உற்சாகமாகக் கல்யாணப் பட்டை விரிக்கத் தொடங்கினார். யாழினி மெல்ல மராத்தியில் ஏதோ சொன்னாள். அவர் பட்டை மடித்து வைத்துவிட்டு, உள்ளே போய் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு அடுக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

யாழினி அதைத் தொடவில்லை. "பெரியம்மா, அம்மாக்கு பச்சை பிடிக்கும்" என்றாள்.

பச்சையைக் காட்டச் சொன்னேன். நெல் நாற்றுப் பச்சையில் மெல்லிய மஞ்சள் கரை போட்ட பருத்திப் புடவை ஒன்று வந்தது. அதையே கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். யாழினி மொழிபெயர்த்தாள்: "வீட்ல திட்டு வாங்கிட்டு, மாத்திக் குடுங்கன்னு திரும்பி வரக் கூடாதாம். வந்தா மாத்த மாட்டாராம்." வரமாட்டோம் என்று சொல்லச் சொன்னேன். அவர் பையில் போடும்போது கரை கசங்காமல் காகிதம் வைத்துக் கட்டினார்.

திரும்பும்போது பஸ் ஏறியது என் புத்திசாலித்தனம். புனே பஸ்ஸில் எண்ணைக்கூட இந்தி எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள். கணக்கு டீச்சருக்கு எண் தெரியவில்லை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? யாழினி பஸ் ஸ்டாப்பில் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று, வந்தபோது ஏறிய பஸ் மாதிரியே இருந்த ஒன்றில் அவளையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்ப்பதற்குள் ஔந்த் என்று ஊரின் வேறொரு பகுதிக்கு வந்துவிட்டோம்.

உயர உயரமான குடியிருப்புகள், கண்ணாடிக் கடைகள், பள்ளிக்கூட வேன்கள். ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட இரண்டு பெண்கள் அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழில் பேசிக்கொண்டு போனார்கள். "அந்த ஃபிளாட்டு வேண்டாங்கறேன், கிச்சன்ல வெளிச்சமே இல்லீங்கறேன்" என்றாள் ஒருத்தி. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிடித்து என்ன சொல்வது? அவர்கள் சிரித்துக்கொண்டே சிக்னலைக் கடந்து போனார்கள்.

தெருமுனைத் தள்ளுவண்டியில் வடாபாவ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். "வெளில சாப்பிடக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்க" என்றாள் யாழினி. "எங்கப்பா செத்த அன்னைக்கே எனக்குப் பசிச்சுது கண்ணு. சாப்புடு" என்றேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம். வறுத்த மிளகாயைக் கடித்துவிட்டு அவள் பேசத் தொடங்கினாள்.

"அம்மா ஏன் சும்மா இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா பெரியம்மா? தனபால் பெரியப்பா சொன்னார்... மத்லப், அதாவது, அம்மா பொட்டு வெச்சா நாளைக்கு என் ஷாதிக்கு நம்ம ஆளுங்க யாரும் வரமாட்டாங்களாம். மாப்பிள்ளை கிடைக்காதாம். என்னால தான் அம்மா..." அதற்கு மேல் அவளிடம் வார்த்தை இல்லை. எந்த மொழியிலும் இல்லை.

மலரை வளைக்க எதைப் பிடித்தால் வளைவாள் என்று தெரிந்து பிடித்திருக்கிறார்கள். தாபோடிக்கு வரமாட்டேன் என்று இரண்டு ஆட்டோக்காரர்கள் மறுத்து, மூன்றாவது ஆள் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க மனத்துக்குள் தனபாலோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்தேன்.

வீட்டில் நடந்தது வேறு. பச்சைப் புடவையைப் பார்த்துப் பெரியவர், "இது என்ன கலரு? சீமந்தமா பண்றோம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மலர் எழுந்து என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். பற்ற வைக்காத அடுப்பின் பக்கத்தில் நின்றோம்.

"அக்கா, தாலிய எடுத்துக்கட்டும். நா சரின்னு சொல்லிப்போட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கழுத்து யாருது?" என்றாள்.

கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. "அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னே?" என்று கத்தினேன். துக்க வீடு என்றும் பார்க்கவில்லை.

"சண்டை போடறதுக்கா கூப்டேன்? நீ ரயிலேறிப் போயிருவே. நா இங்கதான் இருக்கோணும். நாளைக்கு ராத்திரி காய்ச்சல்னா அந்தத் தனபால் மாமாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். அத்தை கூடத்தான் நா சாப்புடோணும், படுக்கோணும். யாழுக்கு ஒரு நல்லது பண்ணோணும். உன் நியாயத்த வெச்சு நா ஒருத்தி இந்தத் தெருவுல எப்படிக்கா இருக்கறது?" அவள் குரல் உயரவில்லை. "எனக்கும் வேண்டாந்தான். ஆனா தனியா இருக்க பயமா இருக்குது."

எனக்கும் அவளுக்கும் ஒரே அப்பா, ஒரே நியாயம். ஆனால் அதைக் காப்பாற்றுகிற செலவு முழுக்க அவள் தலையில் விழுகிறது. நான் லீவு முடிந்ததும் ஸ்கூலுக்குப் போய்விடுவேன். இந்த உண்மை எனக்குப் பிடிக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயும் கயிறுகளுக்கு நடுவில் நின்று அழுதேன். ஊருக்குப் போன் போட்டால் என் வீட்டுக்காரர், "கலாட்டா பண்ணாம வா" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஐயர் ஸ்கூட்டரில் வந்து, தன் பங்கைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ஆண்கள் கீழே இறங்கிவிட்டார்கள். இனி பெண்கள் காரியம். அதிலும் கணவன் உள்ள பெண்கள் இருக்கக் கூடாது. தாலி எடுப்பதை அவர்கள் பார்த்தால் தங்கள் கணவனுக்கு ஆகாது என்று மாடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொருத்தியாக முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு மலரைப் பார்க்காமல் வெளியேறினார்கள். தினமும் அவளோடு தண்ணீர் பிடித்தவர்கள், காய் வாங்கியவர்கள். நான் பாயில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டீச்சரம்மா, நீங்க மேல போயிருங்க" என்றாள் ஒரு பெண்.

"நா இங்கதான் இருப்பேன்."

"உங்க வீட்டுக்காரருக்கு ஆகாதுங்க."

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. இந்நேரம் டீவி பாத்துட்டிருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. தாலி எடுக்கக் கணவனை இழந்த இரண்டு பெண்களை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் பால் வைத்திருந்தார்கள், தாலியைப் போட. ஒரு தட்டில் கண்ணாடி வளையல், பூ. முதலில் பூட்டி, பிறகு உடைக்க. அவர்கள் கிட்டே வந்தபோது மலர் என் தோளோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம். அக்கா கழட்டட்டும்" என்றாள் மலர்.

கணவன் உள்ளவள் பார்ப்பதே கூடாது, கையால் எடுப்பதா? எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எதை நடக்க விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு ரயிலேறினேனோ, அதை என் கையால் செய் என்கிறாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மலர் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் ஊசி போடும்போது நர்ஸைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பாள். அதே கண்.

மாமியார்தான் பேசினார். "அவ அக்காளே எடுக்கட்டும். என்னுத என் நாத்தனா புடிச்சு இழுத்தா. கழுத்துல கோடு கிழிச்சுது. ரொம்ப நாளு எரிஞ்சுது." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன். சங்கிலியின் கொக்கியில் முடி சிக்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் கழற்றியே இருக்கமாட்டாள். இழுத்தால் வலிக்கும். ஒவ்வொரு முடியாக எடுத்தேன். நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. கழற்றியதும் சங்கிலி அவள் உடம்புச் சூட்டோடு என் உள்ளங்கையில் கிடந்தது. பாலில் போட்டேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வளையல் தட்டு வந்தபோது மலர், "போடவும் வேண்டாம், ஒடைக்கவும் வேண்டாம்" என்றாள். தட்டு நின்றது. பிறகு ஒருத்தி ஈரத்துணியோடு நெற்றிக்குக் கையை நீட்டினாள். மலர் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தாலி அவர் கட்டுனது. அவரோட போச்சு. இது எங்கம்மா எனக்குத் தொட்டில்ல வெச்சது. இதுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்ல. தொடாதீங்க."

"பொண்ணு கல்யாணத்த நெனச்சுப் பாரு மலரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நெனச்சுத்தான் கழுத்தக் குடுத்தேன்" என்றாள். மணிக்கட்டை விடவில்லை. அந்தப் பெண்தான் துணியைக் கீழே போட்டாள்.

நான் பச்சைப் புடவையைப் பிரித்து அவள் தோளில் போர்த்தினேன். காரியம் தொடங்கியதிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என்னங்க, என்னங்க" என்று குமரேசனைக் கூப்பிட்டாள். அந்தச் சத்தத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இதில் ஜெயித்தது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. மாடியிலிருந்து இறங்கிய பெண்கள் பொட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே போனார்கள். பெரியவர், "இனிமே இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று படியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். கருமாதிக்கு வெளியில் பண்ணிக் கொண்டுவந்த சோறு அண்டாவோடு மிஞ்சியது. மாடி வீட்டு மராத்திக்காரர்களுக்கு யாழினி கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமியார் அன்றிரவு மருமகளோடு பேசவில்லை. ஆனால் தன் பாயை எப்போதும் போல அவள் பக்கத்திலேயே விரித்தார்.

கிளம்புகிற நாள் காலையில் முதல்முறையாக அடுப்பு பற்ற வைத்து மலர் எனக்கு இட்லி கட்டித் தந்தாள். தாலி எடுத்த புதிதில் அவள் வழியனுப்ப வாசல் வரை வரக் கூடாது. உள் அறையிலேயே நின்றுகொண்டாள். மாமியார் வாசலில் நின்று, பேசாமல் போ என்று எனக்குக் கையைக் காட்டினார். யாழினி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் திரும்பிப் பார்க்காமல் பாதிப் படி இறங்கிவிட்டேன்.

அங்கே கால் நின்றுவிட்டது. இந்த ஒரு வாரமாக எல்லாரும் இந்த வீட்டை விட்டுச் சொல்லிக்கொள்ளாமல்தான் போகிறார்கள். குமரேசனும் அப்படித்தான் போனார். நானும் அப்படியே போனால் மலருக்கு என்ன மிச்சம்?

திரும்பி ஏறினேன். மாமியார் பதறிக் கையை வீசினார். அவரைத் தாண்டி உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "மலரு, நா போயிட்டு வர்றேன்!"

மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கே பயம் வந்தது.

"எப்ப?" என்றாள் மலர் உள்ளிருந்து.

"முழுப்பரீட்சை முடிஞ்சதும்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

மாமியார் காதிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்க்காமல், வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, "அப்ப இங்க தண்ணிக் கஷ்டமா இருக்கும்" என்றார். "ஒரு கொடம் சேத்துப் புடிச்சு வெக்கோணும்."